ஒப்பிடுக

வந்தாறுமூலையில் சனிக்கிழமை வகுப்பு.
ஒரு விலங்கு, ஒரு தாவரம், ஒரே தாள்.
நடுவில் கோடு போடச் சொன்னார்கள்.
என் கோடு சாய்ந்துவிட்டது.
வாழைச்சேனைத் துறைமுகத்தில்
ஐஸ்பெட்டி மூடியில் வைத்து இழுத்த கோடு.

இடப்பக்கம் சுறா.
ஆதம்லெவ்வையின் படகிலிருந்து இறங்கிய கொம்பன்,
நாற்பத்தெட்டு சென்ரிமீற்றர்.
மார்புச் செட்டைகளுக்கு நடுவே
தொப்புள் தழும்பு இன்னும் மூடவில்லை.
"இதுக்கு என்ன பேர் எழுதுறீங்க?"
ஸ்பிர்னா லெவினி என்றேன்.
"லெவினியா? அப்ப எங்கட ஆள்தான்."
சிரித்துக்கொண்டே ஐஸ் அள்ளிப் போட்டார்
அதன் கண்ணிரண்டும் மூடும்படி.
அவை எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றன,
இரண்டு தரம் அள்ளவேண்டியிருந்தது.

வலப்பக்கம் மரம்.
கல்குடா வீதி, டெரன்ஸின் நாற்றுமேடை.
கறுப்புப் பொலித்தீன் பைக்குள்
தட்டுத் தட்டாய்க் கைவிரித்து நிற்கிறது.
மட்டையில் "கிறிஸ்மஸ் மரம் 2400/=".
அரௌகேரியா என்று நான் சொன்னதும்
பேனையை வாங்கி அதையும் எழுதினான்.
பிறகு விலையில் இருநூறு கூட்டினான்.

இராச்சியத்திலேயே பிரிந்துவிட்டார்கள்.
அதற்குக் கீழே கணம், வகுப்பு,
வருணம், குடும்பம், சாதி, இனம்.
தராசுப் பொடியன் தோளுக்கு மேலால் வாசித்தான்:
"மீனுக்கும் சாதியா மிஸ்?"
பாடநூலில் அப்படித்தான் இருக்கிறது.
வருணம் மேலே, சாதி கீழே,
நடுவில் நசுங்கிக்கொண்டு குடும்பம்.
போன மாசம் என்னைப் பார்க்க வந்தவர்களும்
ஏறக்குறைய இதே ஒழுங்கில்தான் கேட்டார்கள்.

சுறாவுக்கு எலும்பில்லை, கசியிழையம்.
மரத்துக்குப் பூவில்லை, வித்துமூடியிலி.
எலும்பில்லாததால்தான்
சுறாப்புட்டை வாயில் அள்ளித் திணிக்கலாம்
பயமில்லாமல், எந்தக் குழந்தைக்கும்.
எலும்பில்லாததால்தான்
முற்றாய்ப் போய்விட்டால்
பல்லைத் தவிர அதிகம் மிஞ்சாது.

கடைசி நிரை: காப்பு நிலை.
சுறா, அழிவின் விளிம்பில்.
மரம், ஊறுபடத்தக்கது.

சுறாவை ஆதம்லெவ்வை நம்பினார்.
வலை தூக்குகிற கைக்கு
என் பட்டியல் தேவையில்லை.
மரத்தை டெரன்ஸ் நம்பவில்லை.
"பாசிக்குடா ஹோட்டலுக்கு மட்டும்
நாற்பது குடுத்திருக்கன்.
மினுக்கு லைற் சுத்தி நிக்குது, போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். நின்றன.
ஆனால் சாடியில் நிற்பதை எண்ணமாட்டார்களாம்,
எவரோ நட்டுவைத்ததையும்.
தெற்கே எங்கோ ஒரு சின்னத் தீவில்
தானாய் விழுந்த விதையில்
தானாய் முளைத்தது மட்டும்தான் கணக்கு.

ஆனியில் கிராம சேவகர்
எங்கள் வீட்டுப் பட்டியலைத் திருத்தினார்.
ஏழு பேரில் நாலு பேரை வெட்டினார்.
சுவிஸில் நல்லாய்த்தான் இருக்கிறார்கள் என்றேன்.
"இருக்கட்டும்" என்றார்,
சிவப்புப் பேனை ஓடிக்கொண்டே.

சுறாவின் கணக்கு வேறு.
சூடான கடலெல்லாம் அதன் ஊர்.
எங்கே செத்தாலும்
ஊரில் செத்ததாகத்தான் பதிவு.

தாள் திரும்பி வந்தது, பத்துக்கு ஆறு.
"வேற்றுமைகள் நன்று. ஒற்றுமைகள் எங்கே?"
ஓரத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது,
அதையும் சுற்றி வட்டம் போட்டிருந்தார்கள்.
அது சுறாவின் செதில் இல்லை,
பக்கத்துக் கூடைச் சூரையாயிருக்கலாம்.

ஒற்றுமை என்று பிறகு எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்:
சுறா நாற்பத்தெட்டு, மரம் ஐம்பத்தொன்று.
இரண்டையும் ஒரே நாடாவால் அளந்தேன்.
இரண்டும் குட்டிகள்.
மூன்று வருசமாய் இந்தப் பக்கம் பதிகிறேன்,
இரண்டிலும்
வளர்ந்த ஒன்றை இன்னும் அளக்கவில்லை.